எத்தனை கைகள், யார் கொடுத்த கைகள்?

குந்தாரப்பள்ளி கூட்டுரோட்டில் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வந்து நிற்பவர்களுக்கு இருதலைப் பறவை ஒன்றும் புதுமையில்லை. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையில், தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டி இருக்கிறது ஊர். பெங்களூரிலிருந்து தெற்கே இறங்கும் கர்நாடக அரசுப் பேருந்துகளின் பக்கவாட்டில் அந்தப் பறவை இருக்கும். ஒரே உடல், எதிரெதிர்த் திசை பார்க்கும் இரண்டு தலைகள். கண்டபேருண்டம் என்று பெயர். ஆட்டுக்கு விலை பேசிக்கொண்டிருப்பவர் அதை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அவர் பிடித்துப் போகும் கிடா முனீஸ்வரனுக்கோ மாரியம்மனுக்கோ போய்ச் சேரும். அந்தச் சாமிக்கு எத்தனை கை என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். இந்தப் பக்கத்தில் பல இடங்களில் சாமி என்பது மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த ஒரு கல். அதற்குக் கையும் இல்லை, முகமும் இல்லை.

உலகப் புராணங்களின் விசித்திர உடல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். சிங்கத்தலை மனிதன், இறக்கை முளைத்த குதிரை, நூறு கை அரக்கன், எட்டுக் கைத் துர்க்கை எல்லாம் அடுத்தடுத்து வரும். என் பார்வையில் இங்கே இருப்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். இரண்டு இனங்களை ஒட்டி ஒரு உடல் செய்வது மனிதன் இருந்த இடமெல்லாம் நடந்திருக்கிறது. ஒரே உடலில் கைகளை மட்டும் பெருக்குவது, அதையும் வழிபாட்டுக்குரிய சிற்பமாக நிறுத்துவது, பெரும்பாலும் இந்தியக் கலைஞனின் வேலை. முதலாவது, ‘இது என்ன இனம்?’ என்று கேட்க வைக்கிறது. இரண்டாவது, ‘இது என்ன செய்கிறது?’ என்று கேட்க வைக்கிறது. இந்த எல்லைப் பகுதியில் இரண்டுக்கும் சான்றுகள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன.

சிங்கத்தை வென்ற பறவை, பறவையை வென்ற பறவை

கலப்புடலின் பழைமையைப் பற்றி அதிகம் வாதாட வேண்டியதில்லை. ஜெர்மனியில் ஹோலன்ஸ்டைன்-ஸ்டாடல் குகையில் 1939-ல் துண்டுதுண்டாகக் கிடைத்த மாமத யானைத் தந்தச் சிற்பம் ஒன்று, மனித உடலும் சிங்கத் தலையுமாக நிற்கிறது. வயது சுமார் 40,000 ஆண்டுகள். இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவுக் குகை ஒன்றில் மனிதரும் விலங்கும் கலந்த வேட்டைக்காரர்களின் ஓவியம் இருப்பதை 2019-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது இன்னும் பழையது. சிந்துவெளி முத்திரைகளில் மூன்று தலை விலங்கு உண்டு. மனித முகமும் யானைத் துதிக்கையும் புலியின் பின்னுடலும் சேர்ந்த ஒரு பிராணியும் உண்டு. ஆனால் அதே முத்திரைகளில் கொம்பு வைத்து உட்கார்ந்திருக்கும் தெய்வத்துக்குக் கைகள் இரண்டே இரண்டு. தலையைப் பெருக்கத் தெரிந்தவர்கள் கையைப் பெருக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

தமிழில் இந்த மரபின் மூத்த பிராணி யாளி. சங்கப் பாடல்களில் அது ஆளி என்ற பெயரில் யானையை அடித்துக் கொல்லும் காட்டு விலங்காக வருகிறது. அந்தப் பாடல்களைப் படித்தால் புலவர்கள் அதைக் கற்பனை என்று நினைத்ததாகவே தோன்றாது. விஜயநகர, நாயக்கர் காலத் தூண்களில் அது துதிக்கையும் பிடரியுமாகப் பின்னங்காலில் எழுந்து நிற்கிறது. வேலூர் சலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

கண்டபேருண்டத்தின் கதை யாளியினுடையதை விடச் சுவையானது, ஏனென்றால் அது ஒரு சண்டையில் பிறந்தது. இரணியனைக் கிழித்த பிறகும் நரசிம்மனின் கோபம் அடங்கவில்லை. லிங்க புராணத்தின்படி, சிவன் முதலில் வீரபத்திரனை அனுப்புகிறார். பிறகு தாமே சரபமாகிறார். சிங்க முகம், இறக்கைகள், எட்டுக் கால், ஆயிரம் கை. நரசிம்மன் அடங்கினான், சைவர்களுக்குக் கதை முடிந்தது. வைணவர்கள் விடுவார்களா? சரபத்தையும் கிழித்துப்போடும் இருதலைப் பறவையாக விஷ்ணு எழுந்தார் என்று அவர்கள் கதையை நீட்டினார்கள். அதுதான் கண்டபேருண்டம். சைவ, சாக்த தரப்பின் பதிலாகப் பிரத்தியங்கிரா வந்தாள். சரபத்தின் இறக்கைகளில் குடியிருக்கும் சூலினி, பிரத்தியங்கிரா என்ற இரண்டு உக்கிர தேவியரில் பிரத்தியங்கிராவுக்குச் சிங்க முகம்.

இந்தப் போட்டியைச் சமயச் சண்டை என்று மட்டும் ஒதுக்க முடியாது, பின்னால் அரசியலும் இருந்தது. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் சரபம் கல்லில் வருகிறது. மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய திரிபுவனம் கம்பகரேசுவரர் கோயிலில் சரபருக்குத் தனிச் சந்நிதியே உண்டு. கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்துப் பள்ளிகாவியில் 1047-ல் நட்ட தூணின் உச்சியில், மனித உடலும் இரண்டு பறவைத் தலைகளுமாகக் கண்டபேருண்டம் நிற்கிறது. விஜயநகர அச்சுததேவராயர் (1529–1542) காலப் பொற்காசுகளில் அது யானைகளை அலகிலும் காலிலும் தூக்கிக்கொண்டு போகிறது. அங்கிருந்து மைசூர் உடையார்களின் சின்னமாகி, அவர்களிடமிருந்து கர்நாடக அரசின் முத்திரைக்கும் பேருந்துக்கும் வந்து சேர்ந்தது. அந்த அரசு முத்திரையைக் கூர்ந்து பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். நடுவில் கேடயத்துக்குள் கண்டபேருண்டம், இரண்டு பக்கமும் அதைத் தாங்கி நிற்பவை சரபங்கள். புராணத்தில் ஒன்றையொன்று எதிர்த்தவை அரசாங்கத் தாளில் சமாதானமாகிவிட்டன.

இருதலைக் கழுகு உலகம் முழுக்கப் பறந்த பறவை. இன்றைய துருக்கியில் அலாசா ஹோயுக், யாசிலிகயா ஆகிய இடங்களில் ஹிட்டைட்டுகள் அதைக் கல்லில் செதுக்கினார்கள். தட்சசீலத்துச் சிர்கப் நகரில் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கட்டடம் ஒன்று இருதலைக் கழுகுக் கோயில் என்றே அறியப்படுகிறது. பைசாந்தியம், புனித ரோமப் பேரரசு, ரஷ்யா என்று அது கை மாறிப் போயிற்று. அல்பேனியாவின் கொடியில் இன்றும் இருக்கிறது. ஹிட்டைட் கழுகுதான் பள்ளிகாவிக்குப் பறந்து வந்தது என்று முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. நான் அந்த முடிச்சைப் போட மாட்டேன். இரண்டு பக்கமும் காவல் வேண்டும் என்று நினைக்கிற எந்த அரசும் இந்தப் பறவையைத் தானாகவே கண்டுபிடித்திருக்கக்கூடும்.

பிரத்தியங்கிராவின் பழைய தலமாகச் சொல்லப்படுவது கும்பகோணம் அருகே ஐயாவாடி. ஓசூர் அருகே மோரனப்பள்ளியிலும் அவளுக்குக் கோயில் உண்டு. அமாவாசை தோறும் அங்கே மிளகாய் வற்றல் கொட்டி யாகம் நடக்கும், இரண்டு மாநிலத்துக் கூட்டமும் சேரும். ஆக, நரசிம்மன், சரபம் தகராறில் விஷ்ணு கட்சியின் கடைசிப் பதில் பேருந்தில் ஒட்டிக்கொண்டு குந்தாரப்பள்ளியைக் கடந்து போகிறது. மற்றக் கட்சியின் பதில் சற்று வடக்கே கோயில் கொண்டு மிளகாய் வாங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிற வாய்ப்பு இந்த எல்லைக்கு வெளியே பலருக்குக் கிடைக்காது.

கைகள் முளைத்த இடம்

இனிக் கைகளுக்கு வருவோம். மேலை நாட்டுப் புராணங்களிலும் பல கையர் உண்டு என்று சொல்லும்போது முதலில் வருகிறவர்கள் கிரேக்கத்தின் நூறு கையர் மூவர்: பிரியாரியஸ், கோட்டஸ், கைஜஸ். ஒவ்வொருவருக்கும் நூறு கை, ஐம்பது தலை. டைட்டன்களோடு நடந்த போரில் ஸியூஸ் இவர்களை அவிழ்த்துவிட்டு வென்றார், பிறகு பாதாளச் சிறைக்குக் காவலாக வைத்துவிட்டார். ஹெசியட் சொல்லில் பாடிய இவர்களைக் கிரேக்கக் கலைஞர்கள் வரைந்து பார்க்கத் துணிந்ததாகவே தெரியவில்லை. அவர்கள் ஆசையாக வரைந்தது ஜெரியனை. அவனுக்கு ஆறு கை, ஆனால் அதற்கு ஈடாக மூன்று உடல்கள் இடுப்பில் ஒட்டியிருக்கும். ஒரு மார்புக்கு இரண்டு கை என்ற உடற்கணக்கைக் கிரேக்கச் சிற்பி மீற மாட்டான்.

எகிப்து இதைவிடத் துணிச்சலாக யோசித்தது. கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் அகநாதன் என்ற அரசன் சூரிய வட்டமான ஆதனை மட்டும் வணங்கச் சொன்னான். அந்த வட்டத்துக்கு முகமில்லை, உடலில்லை. கீழே இறங்கும் ஒவ்வொரு கதிரின் நுனியிலும் ஒரு சின்னக் கை. அந்தக் கைகள் உயிரின் அடையாளத்தை நீட்டுவது அரசன் அரசியின் மூக்கருகே மட்டும்தான், குடிமக்களின் பக்கம் வருவதில்லை. அசீரிய அரண்மனை வாசல்களில் நின்ற மனிதத்தலைக் காளைகளுக்கு ஐந்து கால். முன்னிருந்து பார்த்தால் இரண்டு காலில் அசையாமல் நிற்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் நான்கு காலில் நடக்கும். பார்க்கும் கோணத்துக்காகச் சேர்த்த கால் அது. பிரான்சின் ஷோவே குகையில், முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எட்டுக் காலோடு ஒரு காட்டெருது வரையப்பட்டிருக்கிறது. ஓட்டத்தைக் காட்டத்தான் கால்கள் கூடின என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு.

இந்தியாவில் சொல் முதலில் வந்தது, கல் பிறகு வந்தது. ரிக் வேதத்தின் புருஷ சூக்தம் ஆயிரம் தலை, ஆயிரம் கண், ஆயிரம் கால் கொண்ட புருஷனைச் சொல்கிறது. இருந்தும் பல நூறு ஆண்டுகளுக்கு அவனை யாரும் செதுக்கவில்லை. ஆப்கானிஸ்தானின் ஐ-கானூமில் 1970-ல் கிடைத்த காசுகள் பாக்திரிய கிரேக்க அரசன் அகதோகிளிசுடையவை, கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். வாசுதேவனும் சங்கர்ஷணனும் அவற்றில் இரண்டு கைகளோடுதான் நிற்கிறார்கள். ஒருவர் கையில் சக்கரமும் சங்கும், மற்றவர் கையில் கலப்பையும் உலக்கையும். இரண்டு கைக்கு இரண்டு பொருள், கணக்குச் சரி. குஷாணர் காலத்துக்கு, அதாவது கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளுக்கு வந்தால் மதுரா நகரச் சிற்பங்களில் நான்கு கை விஷ்ணு, எருமையை அடக்கும் பல கைத் தேவி எல்லாம் வந்துவிடுகிறார்கள். ஹுவிஷ்கனின் காசுகளில் சிவனை ஒத்த ஓயேஷோ நான்கு கைகளோடு நிற்கிறான். இந்த மாற்றத்தை ஆழமாக ஆராய்ந்தவர் டோரிஸ் சீனிவாசன். பல தலை, பல கை, பல கண் பற்றிய அவருடைய நூல் 1997-ல் வந்தது. அண்டத்தைத் தன்னுள்ளிருந்து ஈன்றெடுக்கும் பரம்பொருளின் வேதக் கருத்தே இந்த உருவங்களின் வேர் என்பது அவர் வாதத்தின் சாரம்.

வேறு விளக்கங்களும் உண்டு. கைகள் அசைவைக் காட்டுகின்றன என்பது ஒன்று. பாதாமி முதல் குகையில் 6-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய 18 கை நடராசனைப் பார்த்தால் இதை மறுக்க மனம் வராது. ஒரே ஆட்டத்தின் பல கணங்கள் அங்கே விரிந்து நிற்கின்றன. ஆனால் இந்த விளக்கம் ஆடாத தெய்வங்களுக்குப் பொருந்தாது. அசையாமல் நிற்கும் விஷ்ணுவுக்கு நான்கு கை எதற்கு? அடையாளப் பொருள்கள் பெருகியதால் பிடிக்கக் கை தேவைப்பட்டது என்பது இன்னொரு விளக்கம். கேட்க எளிமையாக இருக்கும், பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் ஏன் பொருள்கள் பெருகின என்று அது சொல்லாது.

என் மனம் சாய்வது திருமுருகாற்றுப்படையின் பக்கம். கல்லில் பல கைகள் நிலைபெற்று வந்த நூற்றாண்டுகளின் பின்னணியில், நக்கீரர் முருகனின் ஆறு முகத்துக்கும் பன்னிரண்டு கைக்கும் வேலை பிரித்துக் கொடுக்கிறார். ஒரு கை வான்வழி செல்லும் முனிவர்க்காக உயர்ந்திருக்கிறது, அதன் இணை இடுப்பில் இருக்கிறது. ஒன்று யானையை அங்குசத்தால் செலுத்துகிறது, அதன் இணை தொடைமேல் கிடக்கிறது. இரண்டு கைகள் கேடயமும் வேலும் சுழற்றுகின்றன. ஒன்று மார்பில், ஒன்று மாலையோடு. ஒன்று மணி ஒலிக்கிறது, ஒன்று மழை பெய்விக்கிறது, ஒன்று வானுலகப் பெண்களுக்கு மணமாலை சூட்டுகிறது. கவனித்தால், ஆயுதம் பிடிக்கும் கை இந்தப் பட்டியலில் மிகக் குறைவு. வெறுமனே இடுப்பிலும் தொடையிலும் ஓய்ந்திருக்கும் கைகூட எண்ணிக்கையில் சேர்கிறது. வலிமையைக் கூட்டிக் காட்டுவது புலவரின் நோக்கமாக இருந்தால் சும்மா இருக்கும் கையைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. போர், மழை, மணம், காவல், ஓய்வு என்று ஒரு தெய்வத்தின் பொறுப்புகள் முழுவதையும் ஒரே பார்வையில் நிறுத்துகிறார் அவர்.

தேவி மாகாத்மியம் இதே யோசனையை வேறு பக்கமாகத் திருப்புகிறது. மகிடனை வெல்ல முடியாத தேவர்களின் ஒளியெல்லாம் சேர்ந்து தேவி எழுகிறாள். சிவன் சூலம் தருகிறார், விஷ்ணு சக்கரம், வருணன் சங்கு, அக்கினி வேல், வாயு வில், இந்திரன் வச்சிரம், யமன் தண்டம், இமவான் ஏறிச்செல்லச் சிங்கம். அவளுடைய ஒவ்வொரு கையும் வேறொருவர் ஒப்படைத்த அதிகாரம். மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகையில் எட்டுக் கைகளோடு சிங்கத்தின்மேல் அவள் பாய, எதிரே மனித உடலும் எருமைத் தலையுமாக மகிடன் பின்வாங்குகிறான். பல கையும் கலப்புடலும் ஒரே சுவரில் எதிரெதிராக நிற்கின்றன. என் இரண்டு கேள்விகளுக்கும் இதைவிடத் தெளிவான படம் இல்லை. அவன் என்னவாக இருக்கிறான் என்பது அவன் தலையில் தெரிகிறது. அவள் என்ன செய்யப்போகிறாள் என்பது அவள் கைகளில் தெரிகிறது.

வெட்டப்பட்ட கைகள்

கைகள் பல இருந்தாலே தெய்வம் என்றால் கார்த்தவீரியனும் பாணாசுரனும் தெய்வங்களாகியிருக்க வேண்டும். இருவருக்கும் ஆயிரம் கை. ஒருவன் கைகளைப் பரசுராமன் வெட்டினான், மற்றவன் கைகளைக் கண்ணன் வெட்டினான். சிசுபாலன் கதை இதைவிட வேடிக்கை. மூன்று கண்ணும் நான்கு கையுமாகப் பிறந்த அந்தக் குழந்தையைப் பார்த்துப் பெற்றோர் பயந்தே போனார்கள். யார் மடியில் வைத்ததும் மிகைக் கைகள் உதிர்கின்றனவோ அவனே இவனைக் கொல்வான் என்று அசரீரி சொன்னது. கண்ணன் மடியில் உதிர்ந்தன. மனிதக் குழந்தைக்கு நான்கு கை இருந்தால் மகாபாரதமும் அதைக் குறை என்றே பார்க்கிறது. வால்மீகியின் சுந்தர காண்டத்தில் உறங்கும் இராவணனை அனுமன் பார்க்கும்போது கைகள் இரண்டுதான் சொல்லப்படுகின்றன. இருபது கை அவனுக்குப் போர்க்கோலம்.

கீதையின் 11-ஆம் அத்தியாயத்தில் விசுவரூபம் பார்த்த அர்ச்சுனன், பழைய நான்கு கை வடிவத்துக்கே திரும்பிவிடு என்று கெஞ்சுகிறான். ஆயிரம் கை அவனுக்கு அச்சம், நான்கு கை ஆறுதல். நம் கோயில்களில் மூலவர் பெரும்பாலும் நான்கு கையோடு நிற்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. எட்டும் பதினெட்டும் சுவரிலும் தூணிலும் கதை சொல்லப் போய்விட்டன.

கடல் கடந்த கைகள்

பௌத்தம் இந்த உருவத்தைக் கிழக்கே கொண்டுபோனது. சீனத்தில் குவான்யின், ஜப்பானில் கன்னோன் என்ற பெயர்களில் ஆயிரம் கை அவலோகிதேசுவரர் பெரும் புகழ் பெற்றார். அவர் குடியிருக்கும் பொதலக மலை நம் பொதிகைதான் என்று சொல்வோர் உண்டு. கியோத்தோ நகரத்துச் சஞ்சூசங்கெந்தோவில் நடுவே பெரிய ஆயிரம் கைக் கன்னோன், அது தான்கெய் என்ற சிற்பி 1254-ல் முடித்தது. இரு பக்கமும் வரிசை வரிசையாக ஆயிரம் சிலைகள். மொத்தம் 1,001. ஆனால் ஒவ்வொரு சிலைக்கும் இருப்பது 42 கை. கும்பிடும் இரண்டு போக மீதி 40, ஒவ்வொன்றும் 25 உலகங்களைக் காக்கும், பெருக்கினால் ஆயிரம். மரத்தில் ஆயிரம் கை செதுக்குவது எவ்வளவு கஷ்டம் என்பது தச்சனுக்குத் தெரியும், அந்தக் கஷ்டத்துக்குத் தத்துவமும் ஒரு வாய்ப்பாட்டைத் தயார் செய்து கொடுத்தது.

சீனத்து தாசுவில் பாறையில் குடைந்த ஆயிரம் கைக் குவான்யின் சிற்பத்துக்கு 1,007 கை என்று வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். 2008-ல் தொடங்கி 2015-ல் முடிந்த சீரமைப்பில் கையெண்ணிக் கணக்கெடுத்தபோது 830 வந்தது. பக்தர்கள் யாரும் பெயரை மாற்றச் சொல்லவில்லை. ஜப்பானின் நாரா நகரத்துக் கோஃபுக்குஜி கோயிலில் 734-ல் செய்த அசுரன் சிலைக்கு மூன்று முகம், ஆறு கை. நம்மூரில் தோற்று ஓடும் அசுரன் அங்கே இளைஞனாகக் கவலை படிந்த முகத்தோடு புத்தரின் காவலனாகிவிட்டான்.

மேற்கே போன செய்தி இப்படி மதிப்பாகப் போகவில்லை. இத்தாலியப் பயணி வர்த்தேமா 1510-ல் அச்சிட்ட நூலில் கோழிக்கோட்டில் கிரீடம் தரித்த பேயை வணங்குகிறார்கள் என்று எழுதினார். கொம்பும் கோரைப்பல்லும் உள்ள அந்தப் பேய் ஐரோப்பியப் படங்களில் வெகுநாள் நடமாடியது. பார்த்தா மித்தரின் 1977-ஆம் ஆண்டு நூல் இந்த வரலாற்றை முழுமையாகச் சொல்கிறது. உடற்கூறு மீறிய கைகளால் இந்தியச் சிற்பம் கலையே ஆகாது என்ற 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தீர்ப்புக்கு முறையாகப் பதில் எழுதியவர் யாழ்ப்பாணத் தமிழர் முத்துக்குமாரசாமியின் மகன் ஆனந்த குமாரசாமி. பல கைச் சிலைகளைப் பற்றிய அவர் கட்டுரை 1913-ல் வந்தது, 1918-ல் ‘சிவ நடனம்’ தொகுப்பில் சேர்ந்தது. கலைப்பொருளை மருத்துவக் கல்லூரி அளவுகோலால் அளக்காதீர்கள், கைகள் அந்த வடிவத்துக்குள் இயல்பாக அடங்குகின்றனவா என்று பாருங்கள் என்பது அவர் கேட்டதன் சாரம். அதே காலத்தில் பாரீசில் சிற்பி ரோடின் சென்னை அருங்காட்சியகத்துத் திருவாலங்காட்டு நடராசரின் புகைப்படங்களைப் பார்த்து வியந்து எழுதிக்கொண்டிருந்தார். நான்கு கை அவரை உறுத்தவில்லை. கைகள் தோளருகே பிரியும் இடத்தைச் சோழர் கால வார்ப்பாளர் எவ்வளவு சாமர்த்தியமாக மறைத்திருக்கிறார் என்பது கலைஞனுக்குத்தான் முதலில் தெரியும்.

இரண்டு கைக்காரர்கள்

இவ்வளவு சுற்றிவிட்டுக் குந்தாரப்பள்ளிக்குத் திரும்பினால் இந்த மண்ணின் பழைய சிற்பங்களில் கைப்பெருக்கம் அதிகம் இல்லாதது கண்ணில் படும். ஊருக்கு அருகே உள்ள சின்னகொத்தூர்தான் பழைய குந்தாணி என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். கண்ணனூரை இழந்த ஹொய்சள வீர ராமநாதன் 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிருந்து ஆண்டான். ஹொய்சளர் சின்னமே ஓர் இளைஞன் புலியைக் குத்துவது. அந்தக் கொடிய விலங்கைக் கலைஞர்கள் யாளியளவுக்கு ஊதிப் பெருக்கினார்கள், இளைஞனுக்கு மட்டும் இரண்டு கையோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மாவட்டம் முழுக்க இருக்கும் நடுகற்களும் அப்படித்தான். ஆநிரை மீட்டு விழுந்தவன், ஊரைக் காத்து விழுந்தவன், புலியோடு போராடிச் செத்தவன். அம்பு தைத்த உடம்பு, ஒரு கையில் வாள், மறு கையில் கேடயமோ வில்லோ. செத்த பிறகு தேவமகளிர் அவனை மேலே தூக்கிச் செல்வதாகச் சில கற்களில் மேலடுக்கில் காட்டுவார்கள். சொர்க்கத்துக்குப் போனாலும் அவனுக்குக் கை கூடுவதில்லை. இந்தக் கற்களில் பலவற்றை மக்கள் வேடியப்பன் என்று பெயரிட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். தெய்வமான பிறகும் இரண்டே கை. அவனுக்கு எவரும் அதிகாரம் ஒப்படைக்கவில்லை, தன் இரண்டு கையால் செய்ததுதான் அவன் தகுதி.

மகாபாரத விழாவிலும் இதையே பார்க்கலாம். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். மண்ணைக் குழைத்துத் தரையில் படுத்திருக்கும் பெரிய துரியோதனனைச் செய்வார்கள். அவ்வளவு பெரிய உருவத்துக்கும் கை இரண்டுதான். பெருமையைக் காட்ட இங்குள்ளவர்கள் உடலின் அளவைக் கூட்டினார்கள், உறுப்பின் எண்ணிக்கையைத் தொடவில்லை. குரும்பர் மக்களின் குலதெய்வம் வீரபத்திரன். புராணத்தில் ஆயிரம் கையன். அவன் விழாவில் பூசாரி இரண்டு கையால் தேங்காயை எடுத்துப் பக்தர் தலையில் உடைக்கிறார், ஆயிரம் கைக்கு அங்கே வேலை இல்லை.

பல கை இங்கே செழித்திருப்பது இரண்டு இடங்களில். ஒன்று ஆகமக் கோயில், அது அரசனின் கொடையோடு வந்தது. மற்றது ஆயுத பூசை. ஓசூர் சிப்காட் தொழிற்கூடங்களில் அன்றைக்குக் கடைசல் எந்திரம் முதல் வெல்டிங் செய்யும் எந்திரக்கை வரை சந்தனமும் குங்குமமும் பெறும், பூசணிக்காய் உடைபடும், பொரி பங்கிடப்படும். தேவியின் கைகளில் இருக்கும் ஆயுதங்களைத்தான் நாம் வழிபடுகிறோம் என்று புரோகிதர் சொல்வார். ஒப்படைத்த வேலையைச் செய்யும் கைதான் அங்கும் வணங்கப்படுகிறது. நக்கீரர் பார்த்திருந்தால் எந்திரக்கைக்கும் ஒரு வேலை பிரித்துக் கொடுத்திருப்பார்.

மூன்றாவது இடம் ஒன்று கடந்த நூற்றாண்டில் சேர்ந்தது, அச்சுப் படம். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகமும், கோவில்பட்டி கொண்டையராஜுவின் (1898–1976) நாட்காட்டிப் படங்களும் எந்த அம்மனுக்கு எத்தனை கை, எந்தக் கையில் என்ன என்பதை வீட்டுக்கு வீடு நிலைநிறுத்தின. இன்று கிராமத்துக் கோயிலுக்குச் சிமெண்டுச் சிலை செய்பவர் அந்தப் படத்தையே பார்த்துச் செய்கிறார். கையில்லாத கல்லாக இருந்த மாரியம்மன் எட்டுக் கை பெறுகிறாள், முனீஸ்வரன் பெரிய மீசையும் பல ஆயுதமும் பெறுகிறான். இதில் குறை சொல்ல எனக்கு எண்ணமில்லை. நெடுஞ்சாலை வந்து, தொழிற்சாலை வந்து, நிலத்தின் விலை ஏறி, ஊரின் செல்வாக்குக் கூடியபோது சாமிக்கும் கைகள் கூடியிருக்கின்றன. மதுராவில் குஷாணர் காலத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

குறை இருப்பது வேறிடத்தில். புதிய சிலை வைக்கும்போது பழைய கல் கீழே போகிறது. சில இடங்களில் தரையோடு தரையாகப் பதிகிறது, சில இடங்களில் நடுகல்லின்மேல் டைல்ஸ் ஏறுகிறது, சில இடங்களில் எழுத்துள்ள பக்கத்தைச் சுண்ணாம்பு மூடுகிறது. குந்தாரப்பள்ளி, வேப்பனப்பள்ளி, சூளகிரிப் பக்கத்தில் குடமுழுக்குக்கு நாள் பார்ப்பவர்களிடம் ஒரே கோரிக்கை. பழைய கல்லை நகர்த்துவதற்கு முன் நான்கு பக்கமும் வெளிச்சத்தில் படமெடுங்கள், உயரம் அகலம் அளந்து எழுதுங்கள், எழுத்து இருந்தால் அதன்மேல் வண்ணம் பூசாதீர்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி ஆள் வரச் சொல்லுங்கள். புதிய அம்மனுக்கு எத்தனை கை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், பழைய வேடியப்பனின் இரண்டு கையை மட்டும் மூடிவிடாதீர்கள்.